இருபத்து மூன்று கையெழுத்துகள்

ஒரே மாலையில் இருபத்து மூன்று பெண்களின் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன். நீல மை, கருப்பு மை என்று நான்கு பேனாக்களை மாற்றி மாற்றிப் போட்டேன். சிலதைச் சாய்த்து, சிலதைக் கோணலாக, ஒரு பெயரில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு. வயதானவர்கள் என்று எனக்குத் தோன்றிய ஆறு பேருக்குக் கைநாட்டு. ஸ்டாம்ப் பேடில் என் இரண்டு கட்டைவிரல்களையும், பக்கத்திலிருந்த கணக்காளரின் விரலையும் தொட்டுத் தொட்டு வைத்தோம். சிரித்துக்கொண்டேதான் செய்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

2018 அக்டோபர். சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு வட மாவட்டம் ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். தலித் மக்களின் உரிமைக்காகத் தலித்துகளே நடத்தும் நிறுவனம். உள்ளே நுழைந்ததும் அம்பேத்கர் படம், அதற்குக் கீழே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை அச்சிட்ட பெரிய சுவரொட்டி. இயக்குநரை எல்லோரும் 'அண்ணன்' என்போம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கல்விக்கடனுக்கு மாதம் 3,200 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். இயக்கத்தில் இருந்துகொண்டே சம்பளமும் வாங்குகிறோம் என்ற பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதுக்கு முன் அனுமதி வேண்டும், முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றெல்லாம் தீர்ப்பளித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தேடிப் படியுங்கள். ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கப் போராட்டம். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. ஆனால் காலனிகளில் "சட்டத்தை எடுத்துட்டாங்களாமே" என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது. அதைத் தெளிவுபடுத்தத்தான் அந்தப் பயிற்சி முகாம். ஆறு காலனிகள், அறுபது பெண்கள், ஒரு நாள். ஆளுக்குப் பயணப்படி 100 ரூபாய், மதியச் சாப்பாடு. நிதி கொடுத்தவர்களுக்கு எழுதிய திட்டத்தில் அறுபது என்று இருந்தது.

வந்தவர்கள் முப்பத்தேழு பேர். ஒரு காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அங்கே அன்று விடியற்காலையில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். சாவு வீட்டை விட்டுவிட்டு யார் பயிற்சிக்கு வருவார்கள்?

மாலை கணக்காளர் பதிவேட்டை நீட்டினார். "மேடம், அண்ணன் சொல்லிட்டாரு. மீதியை ஃபில் பண்ணிடுங்க." பெயர்ப் பட்டியல் தயாராகவே இருந்தது. அழைத்திருந்த இருபத்து மூன்று பேரும் அந்த ஒரே காலனிக்காரர்கள்.

அந்தப் பணத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பயணப்படியில் மிஞ்சிய 2,300 ரூபாய், சாப்பாட்டுக் கணக்கில் மிஞ்சியது கொஞ்சம். அடுத்த வாரம் வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல ஒரு கிழவியும் அவரது இரண்டு மகன்களும் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று பேருந்து மாறிப் போகணும், ஒரு நாள் கூலி போகும். அவர்களின் செலவுக்கு அந்தப் பணம்தான் போனது. நிதி கொடுப்பவர்களின் பட்ஜெட்டில் பயிற்சிக்குத் தலைப்பு உண்டு, துண்டறிக்கைக்கு உண்டு, 'திறன் மேம்பாடு' என்று என்னென்னவோ உண்டு. பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகும் பஸ் கட்டணத்துக்குத் தலைப்பு கிடையாது. அதனால் இங்கே எடுத்து அங்கே போடுவோம். களத்தில் வேலை செய்யும் உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்காது. நானும் அன்றைக்கு அதை ஒரு தவறாகவே நினைக்கவில்லை. பணக்காரன் பணத்தை ஏழைக்குத் திருப்பிவிடும் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அந்தக் காலனிக்காரர்கள் பெரியவரின் உடலை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஊர்த்தெரு முனையைத் தொட்டுப் போகும். அரசு போட்ட தார்ச்சாலை அது. அங்கே வழிமறித்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். கல் வந்து விழுந்ததில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. பாடையைச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள்.

மறுநாள் எஃப்ஐஆர் போட வைத்தது எங்கள் நிறுவனம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அண்ணன் இரவெல்லாம் காவல் நிலையத்திலேயே நின்றார். பொதுப்பாதையையும் இடுகாட்டையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். அந்தப் பிரிவை விட்டுவிட்டு எழுதப் பார்த்த எழுத்தரிடம் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டிச் சேர்க்க வைத்தார். அவருடைய அந்தப் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் அவரை எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம்.

நான்கு நாள் கழித்து எங்கள் களப்பணியாளர் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் காலனி அவர் பொறுப்பில் இருந்தது. பத்தாவது வரை படித்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், அந்த வேலையில் பதினோரு வருடம். சம்பளம் என்று பெயர் சொல்ல மாட்டார்கள், மதிப்பூதியம். (இருபது பேர் வேலை செய்தால் வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பதிவேட்டில் பத்தொன்பது பேர்தான் இருப்போம். மீதிப் பேர் 'தன்னார்வலர்கள்'. செங்கல் சூளையில் பி.எஃப். இல்லை என்று நாங்களே போய் மனு கொடுப்போம்.) டிஎஸ்பி விசாரணைக்கு வரப்போகிறார், சாட்சிகளின் பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் சரியாக எழுதித் தர வேண்டும் என்று பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டார். அதில் விவரம் வரிசையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

இருந்தது. பெயருக்கு நேரே கையெழுத்தும் இருந்தது.

கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டை மூடாமல் அப்படியே திருப்பி என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, அன்னைக்குச் சாவுல நின்னது யாரு, உன் கூட்டத்துல உக்காந்தது யாரு?"

அவர் கொண்டுவந்திருந்த சாட்சிப் பட்டியலில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒன்பது பேர், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மண்டபத்தில் அன்று மாலை வரை எங்களோடு இருந்ததாக எங்கள் பதிவேடு சொன்னது. ஒன்பது பேருக்கும் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பயிற்சி முடிந்த கையோடு நாளிதழுக்குச் செய்தி கொடுத்திருந்தோம். 'ஆறு கிராமங்களைச் சேர்ந்த அறுபது பெண்கள் பங்கேற்பு' என்று ஊர்ப் பெயர்களோடு வந்திருந்தது. அந்தத் துணுக்கை நான்தான் கத்தரித்து ஃபைலில் ஒட்டினேன்.

அண்ணன் அறையில் பேச்சு நடந்தது. நான், கணக்காளர், அக்கா. அக்கா கேட்டது ஒன்றுதான். முப்பத்தேழு பேர்தான் வந்தார்கள் என்று நிதி கொடுத்தவர்களுக்கு எழுத வேண்டும், பதிவேட்டில் அந்தப் பக்கத்தை அடித்து, 'இவர்கள் வரவில்லை' என்று எழுதி அண்ணனே கையெழுத்துப் போட வேண்டும். "நாளைக்கு எவனாவது கேட்டா, ஆமா தப்பு பண்ணோம், திருத்திட்டோம்னு சொல்லலாம். சாட்சிங்க தலை நிமிர்ந்து நிப்பாங்க."

அண்ணன் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "தலித்துங்க போடுறது எல்லாம் பொய் வழக்குன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டு இருக்கு. இப்ப நாமளே கல்லை எடுத்து அவன் கையில கொடுக்கணுமா? இந்த நிறுவனம் மூடினா இந்த மாவட்டத்துல ராத்திரி ஸ்டேஷனுக்கு யார் போறது?"

சரியான கேள்வி என்றே எனக்குப் பட்டது. இன்றும் முழுக்கத் தள்ள முடியாத கேள்வி அது. தலித் நிறுவனத்தில் ஆயிரம் ரூபாய் கணக்கு இடித்தால் 'அவங்க அப்படித்தான்' என்பார்கள். மற்ற இடங்களில் லட்சம் போனாலும் அது அந்த ஒரு ஆளின் தவறு. அந்த அநியாயம் உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் நாங்கள் எல்லாவற்றையும் மூடினோம்.

அக்காவிடம் அதற்குப் பெரிய பதில் இல்லை. ஆனால் ஒன்று சொன்னார், அதுதான் என்னை இத்தனை வருடமாகத் தூங்கவிடாமல் செய்கிறது. "அந்தக் கெழவி பஸ்ஸுக்காகத்தான இதைப் பண்ணீங்க? அது கலெக்டர் கொடுக்கவேண்டிய காசு. கேட்டு வாங்கியிருக்கலாமே. நானே மனு எழுதி வெச்சிருந்தேன், நீங்க அனுப்பல."

மாணவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 11. பாதிக்கப்பட்டவருக்கும், அவரைச் சார்ந்தவர்களுக்கும், சாட்சிகளுக்கும் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோகும் பயணச் செலவு, அன்றாடப் பராமரிப்புச் செலவு எல்லாம் அரசு தர வேண்டும். பராமரிப்புச் செலவு விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. பெண் சாட்சி தனக்குத் துணையாக ஒருவரை அழைத்துவரலாம், அவருக்கும் சேர்த்துத் தர வேண்டும். உடனே, அல்லது மூன்று நாளுக்குள். கொடுக்க வேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. அந்த முகாமில் காலை அமர்வில் நான் பாடம் எடுத்ததே இந்த விதியைப் பற்றித்தான். காலையில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் அந்தப் பணத்தை ஆட்சியரிடம் கேட்பதற்குப் பதிலாகக் கள்ளக் கையெழுத்தில் தேடியிருக்கிறேன். கேட்டால் அலைய விடுவார்கள், தாசில்தார் அலுவலகத்தில் நாலு நடை நடக்க வேண்டும். பதிவேட்டை நிரப்புவது பத்து நிமிட வேலை. எங்கள் சாமர்த்தியத்தால் தப்பித்தது யார் என்று பாருங்கள். பணம் தர வேண்டிய அலுவலகத்தில் ஒரு மனுகூட நிலுவையில் இல்லை. அவர்கள் கணக்கு சுத்தம், எங்கள் கணக்கில் இருபத்து மூன்று பொய்.

அன்று முடிவானது இதுதான். பழைய பதிவேட்டை எடுத்துவிட்டுப் புதியது எழுதுவது. அந்தக் காலனிக்குப் பதில் வேறொரு கிராமத்துப் பெயர்கள். அக்கா, "போட்டோவுல எண்ணிப் பாருங்க, முப்பத்தேழு தலைதான் இருக்கும்" என்றார். யாரும் எண்ணவில்லை. புதிய பதிவேட்டில் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டு எழுந்து போனார். அந்த இடத்தில் நான் போட்டேன். பழையதைப் பின்கட்டில் வைத்துக் கொளுத்தியபோது காவலாளி, "என்னம்மா, குப்பையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் மாதம் திட்டக் காலம் முடிந்தது. எல்லோருக்கும் புதுப்பித்தார்கள், அக்காவுக்கு மட்டும் இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, குற்றம் சாட்டவில்லை. நிதி இல்லை என்றார்கள். தன்னார்வலருக்குப் பணிநீக்க உத்தரவு தரத் தேவையில்லை அல்லவா, வராதீர்கள் என்றால் போதும். பதினோரு வருடத்துக்கு ஒரு சால்வை. அந்த விழாவில் வரவேற்புரை நான்.

அதன்பின் எட்டு மாதம் அங்கே இருந்தேன். விலகும்போது கொடுத்த அனுபவச் சான்றிதழில் 'நேர்மையும் கடமையுணர்வும் மிக்கவர்' என்று இருந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வேலை வாங்கினேன்.

எங்கள் கூட்டங்களில் அம்பேத்கர் 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்ததைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. பதவியை விட்டதோடு அவர் நிறுத்தவில்லை, ஏன் விலகுகிறேன் என்று வரிசையாக எழுதியும் வைத்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா மட்டும் காரணமில்லை, பட்டியல் சாதியினர் நடத்தப்பட்ட விதம், பிற்படுத்தப்பட்டோருக்கான ஆணையம் அமைக்காதது, வெளியுறவுக் கொள்கை, அமைச்சரவைக் குழுக்களில் தன்னைச் சேர்க்காதது எல்லாம் அதில் உண்டு. அவையில் அதை வாசிக்க முட்டுக்கட்டை வந்தபோது வெளியே வந்து பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் படித்து மறுத்துப் பேசலாம் என்று பெயர் போட்டு வைத்த காகிதம் அது. எங்கள் அறையில் அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் எழுதிய காகிதம் எப்படிப்பட்டது என்று மேலே சொல்லிவிட்டேன்.

2022இல் அந்த வழக்கில் சாட்சி விசாரணை நடந்தது. அப்போது நான் வேறு நிறுவனத்தில். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாட்சிக் கூண்டில் அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் அந்த நாளிதழ்த் துணுக்கு. நான்கு வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு உங்க ஊர் பெண்கள் எல்லாம் டவுன்ல பயிற்சிக்குப் போயிருந்ததா பேப்பர்ல வந்திருக்கே?"

"கூப்பிட்டாங்க. சாவு ஆயிடுச்சுன்னு யாரும் போகலைங்க."

"நீங்க அங்க கைநாட்டு வெச்சு நூறு ரூபாய் வாங்கலையா?"

எனக்குக் கால் நடுங்கியது. அது சும்மா எறிந்து பார்த்த கேள்வியா, யாராவது சொன்னார்களா, இன்றுவரை தெரியாது.

அந்த அம்மா நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். "ஐயா, நான் கைநாட்டு இல்லீங்க. அறிவொளியில கையெழுத்துக் கத்துக்கிட்டேன். எங்கயும் கைநாட்டு வெக்க மாட்டேன்."

வழக்கறிஞர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அந்தப் பட்டியலில் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால் கைநாட்டு என்று நானே முடிவு செய்திருந்தேன். அவர்கள் யாரையும் கேட்கவில்லை. எம்.ஏ. தேர்வில் சாதிய மனநிலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். அவர் பெயருக்கு நேரே இருந்தது என் இடது கட்டைவிரல்.

இப்போது என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பதிவேட்டோடு வந்தான். நாற்பது பேர் வர வேண்டிய கூட்டம், வந்தது பதினெட்டு. "அக்கா, மீதியைப் போட்டுடவா?" என்று பேனா மூடியைக் கழற்றியபடியே கேட்டான். முன்பு வேலை செய்த இடத்தில் அவனுக்கு அதுதான் பழக்கம். பதினெட்டு என்றே எழுதி அனுப்பினோம். விளக்கம் கேட்டு மூன்று மின்னஞ்சல் வந்தது, அடுத்த தவணையில் பணத்தைக் குறைத்தார்கள். அதனால் மாவட்டத் தலைநகரில் வாடகைக்கு எடுத்திருந்த அறையை விட வேண்டியதாயிற்று. கோர்ட்டுக்கு வருபவர்கள் முதல்நாள் இரவு தங்க அந்த அறை உதவியாக இருந்தது. "இதனால நமக்கு என்னக்கா லாபம்?" என்று அவன் கேட்டான். அவனுக்குப் பதிலாக இந்தக் கதையைத்தான் சொன்னேன், கட்டைவிரல் வரைக்கும். என்னைப் பற்றி அவனுக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்ததை அவன் முகத்திலேயே பார்த்தேன். ஆனால் அதற்கடுத்த மாதம் வேறொரு கணக்கில் தான் செய்த ஒரு தவறை அவனாக வந்து சொன்னான். 640 ரூபாய். திட்டாமல் கேட்டுக்கொள்வதற்கு எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

விதி 11இன் கீழ் ஒவ்வொரு விசாரணைக்கும் மனு கொடுக்கிறோம். சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இல்லை. கிடைக்காதவற்றின் ஒப்புகைச் சீட்டுகள் மட்டும் ஒரு தடிமனான ஃபைல். மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறோம்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். நூறு நாள் வேலை, கரும்பு வெட்டு என்று கிடைத்ததைச் செய்கிறார். யாராவது ஸ்டேஷனுக்கோ கலெக்டர் ஆபீஸுக்கோ போக வேண்டுமென்றால் இன்னும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். மதிப்பூதியமும் கிடையாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சொன்னேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"நீ கையெழுத்துப் போட்டதுகூட எனக்குப் பெருசா தெரியல பாப்பா. சின்னப் பொண்ணு, சொன்னாங்க, போட்ட. நான் எழுந்து போனப்ப நீ திரும்பிக்கூடப் பாக்கல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். பக்கத்துக் காலனிப் பெண் ஒருத்தியின் வழக்கு, மூன்று விசாரணைக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன. கூடவே அவர் கையால் எழுதிய மனு.

"தேதி எல்லாம் டிக்கெட்டோட சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு," என்றார். இரண்டாவது விசாரணையின் தேதியில் ஒரு நாள் தவறியிருந்தது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினோம்.